செய்தி வராவிட்டால் பழைய அளவே

நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்ற எல்லாவற்றிலும் உண்டு. அன்று மழை பெய்ததாக என் நினைவு. அவளைக் கேட்டால் வெயில் மண்டையைப் பிளந்தது என்கிறாள். கூட்ட அறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் அவள் உள்ளே போனாள் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். தட்டவே இல்லை என்று அடித்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவளுக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவன் நான். என் பங்குக்கு அன்று பதினேழு பேரைத் தொலைபேசியில் அழைத்தேன். என்னைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவள் மனத்துக்குள் ஓடியதை வெகுநாள் கழித்து அவளே சொன்னாள், நடுநடுவே நெடுநேரம் பேசாமல் இருந்து இருந்து. அந்த இடைவெளிகளில் சிலவற்றை நானாக நிரப்பியிருக்கலாம்.

அலுவலகத்தில் அவளுக்கு ரெட்டைப்பூட்டு என்று பெயர். வீட்டைப் பூட்டி, தெருமுனை வரை நடந்து, திரும்பி வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிற ஜாதி. அடுப்பை அணைத்தோமா, குழாயை மூடினோமா, அனுப்பிய கடிதத்தில் ‘தங்கள்’ என்று போட்டோமா ‘உங்கள்’ என்று போட்டோமா, எல்லாவற்றுக்கும் இரண்டாவது பார்வை ஒன்று உண்டு. கேலி செய்தால் சிரிப்பாள். சிரித்துவிட்டு, சிரித்தது சரிதானா என்று யோசிப்பதுபோல முகம் போகும்.

எங்கள் நிறுவனத்தின் வேலை கேட்பதற்கு எளியது. இரத்தம் உறைந்துவிடாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திங்கட்கிழமைதோறும் பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பார்கள். செவ்வாய் காலை முடிவு தெரியும். மாத்திரை அளவு கூடினால் உடம்புக்குள் இரத்தம் கசியும், குறைந்தால் உறைந்து கட்டியாகும். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியவர்களுக்கு மட்டும் நாற்பது கிளினிக்குகளிலிருந்து செய்தி கிளம்பும். ‘இப்போதைய அளவில் அரை மாத்திரை குறைக்கவும்.’ ‘கால் மாத்திரை கூட்டவும்.’ இவை நேராக நோயாளியின் கைபேசிக்குப் போய்விடுவதில்லை. முதலில் ஒரு வரிசையில் வந்து நிற்கும். அதை க்யூ என்பார்கள். வெவ்வேறு கட்டடங்களில் இருக்கும் மூன்று கணினிகள் அந்த ஒரே வரிசையைத் தாங்கிக்கொண்டிருக்கும்; ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் விடாது. வந்த செய்தி மூன்று நாள் அங்கே கிடக்கும், பிறகு தானாக அழியும். வரிசையின் இந்த முனையில் ரீடர் என்ற நிரல் ஒன்று செய்திகளை எடுத்துப் படித்து உரியவருக்கு அனுப்பும். எதுவரை முடித்தோம் என்று வரிசையில் ஓர் அடையாளம் வைக்கும். இடையில் நின்று மறுபடி கிளம்பினால், அந்த அடையாளத்திலிருந்து தொடரும்.

அந்த ரீடரை எழுதியவள் அவள்.

முதலில் அது ஒவ்வொரு செய்தியாக எடுத்தது. ஒன்றை எடு, அனுப்பு, அடையாளம் வை, அடுத்தது. செவ்வாய்க்கிழமைகளில் வரிசை நீண்டு, கடைசி ஆளுக்குச் செய்தி சேர மாலை மூன்று மணி ஆகிவிடும். கிளினிக்குகள் முணுமுணுத்தன. நான்கு மாதங்களுக்கு முன் அவள் அதை மாற்றி, இருநூறு இருநூறாக எடுக்கும்படி செய்தாள். ஒரு தடவைக்கு இருநூறு, ஒரு பேட்ச். மூன்று மணிவரை இழுத்த வேலை அரை மணியில் முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அப்படி அவர் சொல்வது அபூர்வம்.

நோயாளிகளிடம் நீல நிறத்தில் ஓர் அட்டை இருக்கும். அதன் கடைசி வரி கொட்டை எழுத்தில்: செய்தி வராவிட்டால் பழைய அளவே.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அவளுடைய மாமனார் சாப்பாட்டு மேசையில் நீல அட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். வீட்டில் அவர்கள் இருவர்தான். அவள் கணவன் வெளியூர் வேலையில் இருந்தான், மாதம் ஒருமுறை வருவான்.

“அம்மாடி, உங்க கம்பெனி இந்த வாரம் லீவா?”

“ஏன் மாமா?”

“நாலு வாரமா தவறாம வந்துச்சு. கூட்டு, குறை, கூட்டு, குறைன்னு என்னை ஹார்மோனியப் பெட்டி மாதிரி இழுத்துக்கிட்டிருந்தாங்க. இந்த வாரம் சத்தத்தையே காணோம். சரி, உடம்பு ஒரு நிலைக்கு வந்துடுச்சு போலன்னு விட்டுட்டேன்.”

அவர் தண்ணீர்க் குவளைக்குக் கை நீட்டினார். சட்டைக்கை மேலேறியது. முழங்கைக்குக் கீழே, மை கொட்டினாற்போல் உள்ளங்கை அகலத்துக்கு நீலம்.

“இது என்ன மாமா?”

“எங்கயோ இடிச்சிருப்பேன்.”

“எங்க இடிச்சீங்க?”

“இடிச்சது தெரிஞ்சா இடிச்சேன்னே சொல்ல மாட்டனா? இருப்பேன்னுதானே சொல்றேன்.” சிரித்தார். ஈறின் ஓரம் சிவந்திருந்தது. “பல்லு தேய்க்கறப்போ கொஞ்சம் ரத்தம். புது பிரஷ்ஷு. வாங்கினவ நீதான். புகார் உன் மேலதான்.”

அவள் சிரிக்கவில்லை.  ‘சத்தத்தையே காணோம்’ என்ற சொல் அவளுக்குள் எதையோ போய்த் தொட்டது. எதை என்று உடனே பிடிபடவில்லை. வீட்டைப் பூட்டினாள். தெருமுனைவரை போனவள் அன்று பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வரவில்லை.

பேருந்து நிறுத்தத்திலிருந்து மாமனாரின் கிளினிக்குக்கு அழைத்தாள். மூன்றாவது முறை எடுத்தார்கள்.

“அனுப்பிட்டமே,” என்றாள் எழுத்தர் பெண். “செவ்வாய்க்கிழமை பதினொண்ணு பதினேழு. ரெண்டு நாள் நிறுத்தணும், அப்புறம் அரை மாத்திரை குறைக்கணும். வரலயா? உங்க போன்ல கோளாறு இருக்கும். செக் பண்ணுங்க.”

அவள் வீட்டுக்குக் கூப்பிட்டாள். “மாமா, இன்னைக்கும் நாளைக்கும் மாத்திரை போடாதீங்க. தொடவே தொடாதீங்க. கிளினிக்ல கேட்டேன்.”

“இதுக்குப் போய் ஏன் குரல் நடுங்குது? நல்லதாப் போச்சு, ரெண்டு மாத்திரை மிச்சம்.”

அவ்வளவுதான். எட்டே முக்காலுக்கெல்லாம் அவள் வீட்டுக் கவலை தீர்ந்துவிட்டது. பேருந்தில் ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. ஆனால் பதினொன்று பதினேழு என்ற எண் அவள் மடியில் உட்கார்ந்து கூடவே வந்தது.

அலுவலகத்தில் முதலில் திரையைப் பார்த்தாள். படிக்கப்படாத செய்திகள்: பூஜ்யம். பச்சை. செவ்வாயும் பச்சை, புதனும் பச்சை. மேலாளர் அந்தப் பச்சையைத்தான் தினமும் காலையில் முதலில் பார்ப்பார். அதனாலேயே அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பச்சை என்று பெயர்.

பிறகு ரீடரின் குறிப்புகளைத் திறந்தாள். செவ்வாய், பதினொன்று பதினேழு, ஐம்பத்தெட்டாவது விநாடி: பேட்ச் எடுக்கப்பட்டது, இருநூறு. அடுத்த வரியில் ‘பேட்ச் முடிந்தது’ என்று இருக்க வேண்டும். ஒவ்வொரு பேட்சுக்கும் இருக்கும். இங்கே இல்லை. அடுத்த வரி பதினொன்று இருபதுக்கு: ரீடர் தொடங்கியது. அதற்கடுத்தது: பேட்ச் எடுக்கப்பட்டது, இருநூறு. எல்லாம் ஒழுங்காக மேலே போகிறது.

 நிரலைத் திறந்து, தான் எழுதிய இடத்துக்கு வந்தாள். அடையாளம் வைக்கும் வரி, அனுப்புகிற வரிகளுக்கு மேலே இருந்தது. கீழே இருக்க வேண்டியது. சோதனை செய்து பார்த்தபோது அவசரத்துக்கு மேலே வைத்தது. பக்கத்தில் அவளே எழுதிய குறிப்பு: பிறகு மாற்ற வேண்டும்.

இருநூறு பேருக்குக் கொடுக்க வேண்டியதை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு, ஒருவருக்கும் கொடுப்பதற்கு முன்பே ‘கொடுத்தாயிற்று’ என்று எழுதிவிடுகிற ரீடர். பாதியில் அது விழுந்து எழுந்தபோது, எழுதியிருப்பதை நம்பி அடுத்த இருநூறுக்குப் போய்விட்டது. கையிலிருந்து சிதறியவற்றை யாரும் தேடவில்லை. சிதறியவை யாருக்கு என்று இருந்ததோ அவர்களும் தேடவில்லை. செய்தி வராவிட்டால் பழைய அளவே.

எத்தனை நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. குடிக்க ஏதாவது வேண்டுமா என்று நான் கேட்டதாக ஞாபகம்.

எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிறவள் இந்த ஒரு வரியை நான்கு மாதம் பார்க்கவில்லை. இல்லை, பார்த்திருக்கிறாள். இரண்டு தடவை அந்தக் குறிப்பைக் கடந்து போன நினைவுகூட இருந்தது. ‘பிறகு’ என்ற சொல்லைப் பார்த்ததும் மனம் ஏதோ ஒரு வேலையை முடித்துவிட்டதுபோல நிம்மதியாக நகர்ந்திருக்கிறது.

க்யூ இருக்கும் கணினிகளையும் ரீடர் ஓடும் கணினியையும் பார்த்துக்கொள்கிறவரைக் கிடங்கு என்று கூப்பிடுவார்கள். பருத்த மனிதர். எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பார். அவரிடம் போய்க் கேட்டாள்.

“அண்ணா, செவ்வாய்க்கிழமை பதினொண்ணேகாலுக்கு ரீடர் மெஷினை நிறுத்தினீங்களா?”

“நிறுத்தினேன். டிஸ்க் முக்கி முனகிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு நிமிஷம் அணைச்சுப் போட்டேன். ஏன், உன் ரீடர்தான் விட்ட இடத்துலேர்ந்து எடுத்துக்குமே? நீதானே சொன்ன?”

“ஒவ்வொண்ணாப் படிச்சப்போ சொன்னேன்.”

அவர் மெல்வதை நிறுத்தினார். அவள் தன் திரையைக் காட்டினாள். அவர் குனிந்து படித்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

“அந்த இருநூறுல எத்தனை போச்சு, எத்தனை போகல?”

“தெரியல. பேட்ச் முழுசா முடிஞ்சாத்தான் எழுதும். எங்க மாமனாருக்குப் போகல. வரிசையில அவரு எங்க நிக்கிறாருன்னு பார்த்தா, அவருக்குப் பின்னாடி இருக்கற யாருக்கும் போகலன்னு சொல்லலாம். முன்னாடி இருக்கறவங்களைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது.”

“இதுக்கு முன்னாடியும் நாலஞ்சு தடவை நிறுத்தியிருக்கேனே.”

“ஆறு தடவை. பார்த்துட்டேன். ஆறும் ஞாயித்துக்கிழமை. அப்போ வரிசை காலி.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: “ரெண்டு தடவை பார்த்துட்டேன்.”

கிடங்கு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐந்து.

“மூணு நாள் கணக்குப்படி இன்னைக்குப் பதினொண்ணு பதினேழோட அந்த பேட்ச் அழிஞ்சுடும்,” என்றாள் அவள்.

“நிமிஷக் கணக்கு அதுக்குக் கிடையாது. துண்டு துண்டாத்தான் கழிச்சுவிடும். பதினொண்ணேகாலுக்கும் கழிக்கும், பன்னெண்டுக்கும் கழிக்கும். நம்பி உக்கார முடியாது.”

“நிறுத்தி வைங்க. இல்லன்னா வேற பேர்ல ஒரு ரீடர் போட்டு அந்த இருநூறை மட்டும் திரும்பப் படிச்சுக்கறேன். ஓடற ரீடரை அது தொடாது.”

“நோயாளி விவரம் இருக்கற க்யூவாச்சே. ரெண்டு சாவி வேணும், ரகசிய எண். ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு பச்சைகிட்ட. அவரு கூட்டத்துல இருக்காரு. கிளினிக்காரங்க வந்திருக்காங்க, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க. போனை அணைச்சு வெச்சுட்டாரு. பன்னெண்டு வரைக்கும் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதாம்.”

 பக்கத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

பிறகு கிடங்கு தணிந்த குரலில் சொன்னார். “ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. மூணு நாளாச்சு. நாப்பது கிளினிக். யாராவது ஒருத்தர் போன் பண்ணிக் கேட்டாங்களா?”

“இல்ல.”

“உங்க மாமனார் விஷயம்?”

“சரி பண்ணிட்டேன்.”

“ஹூம்,” என்றார் அவர்.  மிச்சத்தைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். யோசித்தாள் என்று சொல்ல முடியாது. எண்ணங்கள் அவளைச் சுற்றி வந்தன, அவள் நடுவில் இருந்தாள், அவ்வளவுதான். இன்னும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். க்யூ தன் வேலையைத் தானே செய்துவிடும். அந்த வரியை மெல்லக் கீழே இறக்கி வைத்துவிடலாம். ‘பிறகு மாற்ற வேண்டும்’ என்பதை மாற்றியாயிற்று. திங்கட்கிழமை மறுபடி இரத்தம் எடுப்பார்கள். அளவு கூடியிருப்பது தெரிந்தால் செவ்வாய் மறுபடி செய்தி கிளம்பும். இன்னும் நான்கு நாள்தானே.

நான்கு நாள் என்றால் நான்கு மாத்திரை. மாமாவின் கையில் பார்த்த அந்த நீலம் தோலுக்கு மேலே தெரிந்த நீலம். தெரியாத இடத்தில் வந்தால்? அதைக் கண்டு ‘இது என்ன?’ என்று கேட்க ஒரு மருமகள் பக்கத்தில் இல்லாதவர்கள் எத்தனை பேர்? தனியாகச் சாப்பிட்டு, தனியாகப் பல் தேய்த்து, வாஷ்பேசினில் சிவப்பைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, கைபேசியை எடுத்துப் பார்த்து, ‘செய்தி ஒன்றும் இல்லை, நல்லது’ என்று அந்த மாத்திரையை விழுங்குகிறவர்கள்?

அவர்களை மௌனமாக்கியது அட்டையின் அந்த வரி. இப்போது அதே வரி அவளையும் மௌனமாக இருக்கச் சொன்னது. அதில் ஏதோ ஓர் அருவருப்பு இருந்தது என்று பின்னால் சொன்னாள். நியாய உணர்ச்சி எல்லாம் இல்லையாம்; வெறும் அருவருப்பு, வாயில் முடி சிக்கினாற்போல.

பத்து ஐம்பதுக்கு எழுந்தாள். கூட்ட அறைக் கதவைத் தட்டினாளோ இல்லையோ, உள்ளே போனாள்.

நீள மேசை. ஒரு பக்கம் மேலாளரும் இன்னும் இருவரும். எதிரே கிளினிக்குகளின் பக்கமிருந்து மூன்று பேர். நடுவில், எல்லாக் கிளினிக்குகளின் தாதியருக்கும் தலைவியான ஓர் அம்மாள். நரைத்த தலை, மணிக்கட்டில் பெரிய முள் கடிகாரம். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். சுவரில் விழுந்திருந்த படத்தில் பச்சைக் கோடு, நான்கு மாதம், ஒரு சுருக்கம் இல்லாமல்.

“கூட்டம் நடக்குதும்மா,” என்றார் மேலாளர்.

“தெரியும் சார். உங்க சாவி வேணும். செவ்வாய்க்கிழமை ஒரு பேட்ச், இருநூறு பேருக்கான அளவு மாற்றம், எல்லாருக்கும் போய்ச் சேரல. தப்பு என்னுது. இன்னும் அரை மணியில க்யூலேர்ந்து அழிஞ்சுடும்.”

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.  மேலாளரின் முகம் வெளுத்ததைப் பார்த்தபோது அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அந்தப் பச்சைக் கோடு அவர் தோளிலும் விழுந்திருந்தது.

“திரையில அப்படி ஒண்ணும் இல்லையே,” என்றார்.

“எடுத்ததும் முடிஞ்சதா எழுதிடுது சார். அதனால திரைக்குத் தெரியாது.”

அவர் தொண்டையைச் செருமினார். “சரி. ஒண்ணும் குடி முழுகிடல. இருநூறையும் மறுபடி அனுப்பிடு. ஒரு நிமிஷ வேலை. கிடைச்சவங்களுக்கு ரெண்டாவது தடவை வரும், அவ்வளவுதானே?”

சிஸ்டர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“அவ்வளவுதானா? எங்க ஆளுங்களை உங்களுக்குத் தெரியாது. போன்ல ‘அரை குறைங்க’ன்னு வந்தா அரை குறைப்பாங்க. மறுபடி ‘அரை குறைங்க’ன்னு வந்தா மறுபடி அரை குறைப்பாங்க. எதுக்குன்னு கேக்க மாட்டாங்க. கேக்காதீங்கன்னு பழக்கினதே நாங்கதான். ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனா உங்க பச்சைக் கோட்டை வெச்சு விசிறுவீங்களா?”



சிஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். “யாருக்குப் போச்சு, யாருக்குப் போகலன்னு தெரியுமா?”

“தெரியாது சிஸ்டர். போன் கம்பெனிலேர்ந்து கணக்கு வரப் பத்து நாளாகும்.”

“யாரு யாருன்னாவது தெரியுமா?”

“இப்போ எடுத்தாத் தெரியும்.”

“அப்போ எடு. நின்னுக்கிட்டு என்ன பார்க்கற? எத்தனை போன் இருக்கு இந்த ஆபீஸ்ல?”

பதினொன்று மூன்றுக்கு மேலாளர் தன் சாவியைத் தட்டினார். கிடங்கு தன்னுடையதைத் தட்டினார். அவள் புதிய பெயரில் ஒரு ரீடரைப் போட்டு, செவ்வாய் பதினொன்று பதினேழிலிருந்து படிக்கச் சொன்னாள். அனுப்புகிற வரிகளை எடுத்துவிட்டாள். எடுத்தாயிற்றா என்று இரண்டு தடவை பார்த்தாள். பிறகு கிடங்கு ஒரு தடவை பார்த்தார். பதினொன்று ஒன்பதுக்கு ஓடவிட்டாள்.

இருநூறும் வந்தன. பெயர், எண், கிளினிக், ஒரு வரி. எண்ணினாள். இருநூறு. மறுபடி எண்ணினாள். நூற்று முப்பத்தொன்றாவது வரியில் மாமாவின் பெயர், ‘இரண்டு நாள் நிறுத்தவும்’ என்று. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு முதல்தடவையாகக் கண்ணில் நீர் முட்டியது. அழ நேரமில்லை. காகிதத்தில் எடுத்தாள்.

பன்னிரண்டு பேர் போனைக் கையில் எடுத்தோம். மேலாளரும் ஒருவர். அன்றைக்கு அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சட்டைக்கையை மடித்துக்கொண்டு பேசியதை நான் என் கண்ணால் பார்த்தேன். சிஸ்டர் நடுவில் நின்றுகொண்டார். செவ்வாய்க்கிழமை செய்தி வந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். வந்தது என்றால் நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும். இல்லை என்றால் படித்துக் காட்டி, எழுதிக்கொள்ளச் சொல்லி, திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இரத்தம் என்ற சொல் வந்தால் உடனே சிஸ்டரிடம் கொடுத்துவிட வேண்டும்.

“செய்தியா? என் பேரன்தான் பார்ப்பான். அவன் பரீட்சைக்குப் போயிருக்கான்.”

“நீங்க யாரு பேசறீங்க? ஓட்டுக் கேக்கறீங்களா?”

“வந்துச்சே! பெருமாள் புண்ணியத்துல கால் மாத்திரை குறைச்சாச்சு.”

“இத பாருங்க, போன வாரம்கூட ஒருத்தன் இப்படித்தான் நைசாப் பேசி என் கார்டு நம்பரைக் கேட்டான். நான் என்ன முட்டாளா?” இவரிடம் சிஸ்டரே பேச வேண்டியிருந்தது. “நான்தான்யா, போன மாசம் ஊசிக்கு பயந்து பாத்ரூம்ல போய் ஒளிஞ்சீங்களே, அப்போ கதவைத் தட்டினவ,” என்றார். மறுமுனையில் உடனே பணிவு வந்துவிட்டது.

அவள் பங்குக்கு வந்தது தொண்ணூற்றொன்றிலிருந்து நூற்று ஏழு வரை. தொண்ணூற்றாறாவது எண் எடுக்கப்படவே இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒரு மனிதர். ‘முக்கால் மாத்திரை குறைக்கவும்’. மற்றவர்களை முடித்துவிட்டு மறுபடி அடித்தாள். போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் அவள் இடதுகை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்ததை நான் இரண்டு மேசை தள்ளியிருந்து பார்த்தேன். நான்காவது தடவை, மூன்றரை மணிக்கு, ஒரு பெண் குரல் எடுத்தது.

“அப்பா போனு. நான் அவர் மக பேசறேன்.”

“அப்பாகிட்ட பேசலாமா?”

“அப்பா ஆஸ்பத்திரில இருக்காங்க. புதன்கிழமை சாயந்திரம் கடையை மூடறப்போ தலை சுத்துதுன்னு உக்காந்தாரு. தலைக்குள்ள ரத்தக்கசிவுன்னு சொல்றாங்க. நீங்க யாரு?”

அவள் யார் என்று சொன்னாள். “செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு ஒரு செய்தி வந்துச்சான்னு தெரிஞ்சுக்கணும்.”

“தெரியலையே. போன் பூட்டியிருக்கு. கூப்பிட்டா எடுக்க முடியுது, உள்ள போக முடியல. நம்பர் அப்பாவுக்குத்தான் தெரியும். அவசரமா?”

 மறுமுனையில் எங்கோ பின்னால் தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக் கடந்து போனது.

“இல்லம்மா,” என்றாள் கடைசியில். “எங்க பக்கம் ஒரு தப்பு நடந்திருக்கு. அவருக்கு அளவைக் குறைக்கச் சொல்லியிருந்துச்சு. அது அவருக்கு வராம இருந்திருக்கலாம். அங்க இருக்கற டாக்டர்கிட்ட இதைச் சொல்லுங்க. எங்க சிஸ்டரும் இப்போ பேசுவாங்க. தப்பு என்னுது.”

“சரிக்கா,” என்றது அந்தப் பெண். அக்கா என்று கூப்பிட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் மாமனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையிலிருந்த நீலத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“அதாவது, ஜனங்க படிக்கட்டுல கால் வைக்கறதுக்கு முன்னாடியே விசில் ஊதிட்ட.”

“ஆமா மாமா.”

“நானும் ஊதியிருக்கேன். ஒரு தடவை.” அவர் மேலே சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. “சாப்பிடு,” என்றார். பிறகு எழுந்துபோய்க் கதவைப் பூட்டிவிட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். அவளுக்காகத்தான் அப்படிச் செய்தாரா என்று தெரியவில்லை.

தொலைபேசி நிறுவனத்தின் கணக்கு பதினோரு நாள் கழித்து வந்தது. அந்த பேட்சில் நூற்று மூன்று செய்திகள் கிளம்பியிருந்தன. நூற்று நான்கிலிருந்து ஒன்றும் கிளம்பவில்லை. தொண்ணூற்றாறுக்கு நேரே ‘அனுப்பப்பட்டது’ என்று இருந்தது. ‘சேர்ந்தது’ என்ற கட்டம் காலியாக இருந்தது. அவள் அதை எத்தனை தடவை பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டோடு நிற்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

இனி, யார் யார் என்ன ஆனார்கள் என்பது. செய்தி கிளம்பாத தொண்ணூற்றேழு பேரும் அன்றும் மறுநாளும் கிடைத்துவிட்டார்கள். அவர்களில் ஒன்பது பேரை சிஸ்டர் உடனே வரச் சொல்லிப் பார்த்தார், ஒன்பது பேரும் நன்றாக இருக்கிறார்கள். மாமனாரின் கை தேறிவிட்டது. மாத்திரை இன்னும் தொடர்கிறது, கூட்டலும் குறைத்தலும்கூட. சிஸ்டர் நீல அட்டையின் கடைசி வரியை எடுத்துவிட்டார். இப்போது அளவு மாறாவிட்டாலும் ‘பழைய அளவே’ என்று ஒரு செய்தி போகிறது, அது வராவிட்டால் கிளினிக்கைக் கூப்பிட வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மேலாளர் ஒரு வருடத்தில் வேறு நிறுவனத்துக்குப் போனார். போகும்வரை அவளை அதற்காக ஒரு சொல் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. கிடங்கு இப்போது எந்தக் கணினியையும் அணைப்பதற்கு முன் ஒவ்வொருவர் மேசைக்கும் வந்து கேட்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பத்தொன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். வலதுகை முழுதாகத் திரும்பவில்லை. பேச்சு வந்த பிறகும் போனின் அந்த எண் அவர் நினைவுக்கு வரவில்லை. கடையை மகள் நடத்துகிறாள். ரெட்டைப்பூட்டு அதே வேலையில் இருக்கிறாள். ரீடர் இப்போது இருபது இருபதாக எடுக்கிறது, அனுப்பியபின் அடையாளம் வைக்கிறது. ஒருமுறை அந்தக் கடைக்குப் போய்க் கண்ணாடி வாங்கினாள். தான் யார் என்று சொல்லவில்லை. அந்தக் கண்ணாடியைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள்.